கூட்டக்குறிப்பில் இல்லாத வரி

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத்து அறிவித்தல் கேட்டபோது, மழைக்கால அனர்த்தக் கூட்டத்துக்கான கடிதங்களைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தேன். இறந்தவரின் வாப்பா பெயரையும் சொன்ன பிறகுதான் அது நம் றஹீம் காக்கா என்று விளங்கியது. கடிதங்களை ஒதுக்கி வைத்தேன்.

எங்கள் பிரதேச செயலகத்தில் வெள்ளம், புயல் வேலைகளைப் பார்த்த அனர்த்த உத்தியோகத்தர் அவர்தான். நான் அவருக்குக் கடிதமும் கூட்டக்குறிப்பும் எழுதிய லிகிதர். ஒருமுறை வெள்ள ஒத்திகைக்கு அழைத்தபோது, ஊரே சோற்றுப் பார்சலுக்காகத் திரண்டு வந்து சிரித்துக்கொண்டு நின்றது. "சிரிங்க, பரவாயில்ல. வந்த பாதைய மட்டும் மறந்திராதீங்க" என்றார். அடுத்த வெள்ளத்தில் அந்தச் சனம் அதே பாதையால்தான் பாடசாலைக்கு வந்து சேர்ந்தது.

சவளக்கடைப் பக்கம் நடந்தது அவரை அறிந்த உங்களில் பலருக்குத் தெரியும். குளம் நிரம்பி, தண்ணீரை வெளியே விட வான்கதவைத் திறக்கப்போகிறார்கள் என்று பின்னேரம் செய்தி வந்தது. தொலைபேசிப் பொறுப்பு என்னுடையது. கிராம உத்தியோகத்தர்களுக்குச் சொன்னேன், பள்ளிகளில் அறிவித்தார்கள், வீடுகள் காலியாகின. எங்கள் பட்டியலில் வீடுகள் மட்டுமே இருந்தன. யானைக் காவலுக்கு வயல் வாடிக் குடிசைகளில் தங்கியிருந்தவர்கள் அதில் இல்லை. பள்ளிச் சத்தமும் அவ்வளவு தூரம் போகாது. எந்த வாடியில் யார் இருக்கிறார் என்பது வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைக்கு அத்துப்படி. அவரை நாங்கள் எந்தக் கூட்டத்துக்கும் அழைத்ததில்லை. அன்றும் அவருக்குச் சொல்லவில்லை. காலையில் வாடியில் இருந்த ஒரு புருஷனும் பெண்சாதியும் உயிரில்லாமல் ஜனாஸாவாகக் கரை ஒதுங்கினார்கள்.

மீளாய்வுக் கூட்டத்தில் றஹீம் காக்கா எழுந்து நின்றார். "வட்டவிதானைக்கு ஒரு போன் கோல் எடுத்திருந்தா அந்த ரெண்டு மௌத்தும் இல்ல. எடுக்காதது நான். அதக் கூட்டக்குறிப்பில எழுதுங்க தம்பி." தலைமையில் இருந்தவர் என்னைப் பார்த்து, "இயற்கை அனர்த்தம் எண்டு போடுங்க" என்றார். போட்டேன். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

வெளியே வந்ததும் றஹீம் காக்கா, "தண்ணி சொல்லிட்டுத்தான் வந்தது தம்பி. அதில பழியப் போடாதீங்க" என்றார். அடுத்த கூட்டத்தில் வட்டவிதானைமாரையும் அழைத்துக் கதிரை போட்டு உட்காரவைத்தார். ஆனால் மழை தொடங்கினால் போதும், "அத எழுதினீங்களா?" என்று கேட்பார். "ஓம் காக்கா, பார்ப்பம்" என்று நழுவுவேன். பென்சன் எடுத்த பிறகும் கேட்டார்.

போன மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையே கேட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. பார்க்கப் பொறுக்காமல், "எழுதிட்டன் காக்கா" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பொய்யைக் கேட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிய மனிதரை நான் எந்த முகத்தோடு நினைப்பது? அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த வரியை எழுதும் கடமைதான். அவரை அறிந்த உங்கள் எல்லோர் முன்பாகவும் எழுதுகிறேன்: அந்த இருவரும் இறந்தது எங்கள் பிழையால். வட்டவிதானைக்குச் சொல்லாமல் விட்டவர்கள் இரண்டு பேர். பழியை ஏற்றவர் றஹீம் காக்கா. தொலைபேசி இருந்தது என் கையில்.