அக்காவின் சாப்பாட்டு வேளை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. எங்கள் துக்கத்தில் உடன் நின்ற உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கும் இவ்வேளையில், அவர் வாழ்ந்ததை உள்ளபடி எழுதுகிறேன். தங்கையாகிய எனக்கு அதுவே பெருமை.

முத்தாண்டிக்குப்பத்தில் கூலி வேலை செய்த குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. அம்மா முந்திரிக்காட்டு வேலைக்குப் போய்விட, என்னையும் தம்பியையும் வளர்த்தது அவர்தான். எங்களுக்குப் போட்டுவிட்டுப் பானையில் மிஞ்சியதைச் சாப்பிடுவார். திருமணமாகி மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டுக்கு வந்தபோதும், மாமா நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட் ஆகி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. மாமாவுக்கு இரண்டாம் ஷிப்ட் என்றால், இரவு வெகுநேரம் கழித்து அவர் வரும்வரை அக்கா சாப்பிடாமலே காத்திருப்பார்.

நாற்பதைத் தாண்டியதும் வயிறு படுத்தத் தொடங்கியது. மலச்சிக்கல், புளித்த ஏப்பம், விடிந்தும் விலகாத அசதி. பரிசோதனையில் குறை ஒன்றும் தெரியவில்லை. பண்ருட்டியில் ஓர் ஆயுர்வேத மருத்துவரம்மாவிடம் நான்தான் அழைத்துப் போனேன். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி சேர்ந்த திரிபலா சூரணத்தைக் கொடுத்து, வெந்நீரில் கலந்து குடிக்கச் சொன்னார்.

"பொழுது சாய்ஞ்சதும் சாப்பிட்டுடணும். படுக்கப் போறப்ப இத குடிங்க. சாப்பாட்டுக்கு நேரம் வெக்காம மருந்த மட்டும் குடிச்சா பிரயோசனம் இல்லைங்க" என்றார்.

முதல் மடக்கிலேயே அக்காவின் முகம் கோணிப்போனது. "நெலக்கரிய கரைச்சி குடிச்ச மாரி மூஞ்சிய வெச்சிகினு இருக்கியே!" என்று மாமா சிரித்தார். துவர்ப்பு பழகிவிட்டது. மாமா வருவதற்கு முன்னால் சாப்பிடுவதுதான் அக்காவுக்குப் பழகவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோல் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாராம். பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார். சில வாரங்களில் வயிறு இலகுவானது. நிம்மதியாகத் தூங்கினார்.

அந்தச் சமயத்தில் திருவதிகையிலிருந்து மாமாவின் தாயார் வந்திருந்தார். விளக்கு வைத்ததும் அக்கா சாப்பிட உட்கார்ந்ததைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"எம்புள்ள அங்க மைன்ஸ்ல கஷ்டப்பட்டுகினு இருக்கான், நீ இங்க தின்னுகினு இருக்கியா?"

அன்றுவரை மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத அக்கா, தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் சாப்டுறதால அவருக்கு என்னாங்க அத்தை கொறஞ்சிபோவுது? வலிக்கிறது என் வயிறுதானே?"

மறுநாள் காலையில் தாயார் மகனிடம் முறையிட்டபோது நானும் அங்கே இருந்தேன். மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எம்மா, நான் கேண்டீன்ல டிபன் தின்னுட்டு வர்றவன். இம்மாம் வருசமா இவ பட்டினியா உக்காந்துகினு இருந்தது எனக்கே இப்பதான் உறைக்குது. நீ ஒண்ணும் சொல்லாத."

அன்றிலிருந்து இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தால் மாமாவே போட்டுக்கொண்டு சாப்பிட்டார். மாமியாரும், அடுத்தமுறை வந்தபோது, அக்காவுடனேயே தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்து, கரைசேர்த்து, இனி நமக்கென்று இருக்கலாம் என்ற நேரத்தில் அக்காவுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. புதுச்சேரியில் பெரிய மருத்துவமனையில் சேர்த்தோம். சூரணம் குடிப்பதை மருத்துவர்களிடம் மறைக்காமல் சொன்னார். நிறுத்தச் சொன்னதும் நிறுத்திவிட்டார். பார்க்க வந்த உறவினர் ஒருவர், "அவ்ளோ மருந்து குடிச்சும் இப்படி ஆயிடுச்சே" என்று அங்கலாய்த்தார்.

"அது வயித்துக்குக் குடிச்சதுங்க, அது வேலைய அது செஞ்சிது. சாவுக்கா குடிச்சேன்?" என்றார் அக்கா. வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அக்காவுக்கு ரத்தம் கொடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கும், மாறிமாறி வந்து துணையிருந்த அக்காவின் குவார்ட்டர்ஸ் பிளாக் பெண்களுக்கும் நன்றி. மாமாவுடன் வேலை பார்த்த தோழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவருடைய ஷிப்டுகளை நீங்கள் மாற்றி எடுத்துக்கொண்டீர்கள். அப்படிக் கிடைத்த ஒரு மாலையில்தான், மாமாவின் கையைப் பிடித்தபடி அக்கா கண்மூடினார். கடைசி மூச்சில் அவர் தனியாக இல்லை. அது நீங்கள் கொடுத்தது.