ஏழு கட்டடத்துக்கு மூன்று காவல்

பயப்படுவதே வாலெரியு அண்ணனின் முழுநேர வேலை. கப்பல் பட்டறை ஆளைக் குறைத்தபோது வேலை போய் வீட்டுக்கு வந்தவர், டான்யூப் ஆற்றங்கரையில் பிரைலா நகரில் எங்கள் குடியிருப்பின் ஏழு கட்டடங்களுக்கும் மொட்டைமாடி வழியாகக் கம்பி இழுத்து இன்டர்நெட் கொடுத்தார். அன்றிலிருந்து காற்றடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். சூரியகாந்தி விதை கொறிப்பார். தொலியைக் கீழே போடப் பயந்து சட்டைப்பையில் சேர்த்துக்கொள்வார்.

அந்த அக்டோபரில் பயத்துக்கு நிஜமான காரணம் ஒன்று கிடைத்தது. சில நாள் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஏழு கட்டடத்திலும் ஒரே நேரத்தில் இன்டர்நெட் செத்துப்போகும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தானாக எழுந்து உட்காரும். இத்தாலியில் இருக்கும் புருஷனோடு பேச உட்கார்ந்த பெண்கள் வாயார வாழ்த்தினார்கள். நான்காம் கட்டடத்து நிர்வாகி அக்லாயா அம்மா நோட்டீஸ் ஒட்டினார்: ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வாலெரியுவின் கம்பியை அறுத்துவிட்டுப் பெரிய கம்பெனியைக் கூப்பிடலாமா என்று வாக்கெடுப்பு. அண்ணனுக்கு இதைவிட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

எங்கோ ஒரு கட்டடத்திலிருந்து அர்த்தமில்லாத குப்பைத் தகவல் கிளம்பி எல்லாக் கம்பியையும் அடைக்கிறது. எங்கே என்று தெரியாது. அண்ணன் கையில் மூன்று ஓட்டைக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒரு கட்டடத்தில் ஒன்றை வைத்தால், அந்தக் கட்டடத்தைத் தொடும் கம்பிகளில் குப்பை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எழுதிவைக்கும். செவ்வாய்க்கிழமையன்று முதல் கம்ப்யூட்டரை இடுப்பில் சுமந்துகொண்டு நேராக என் கட்டடத்துக்கு, ஒன்றாம் நம்பருக்கு, வந்து நின்றார்.

"ஏண்ணே, என் தலைமாட்டுலயா காவலு?"

"போன வருஷம் எல்லார் கம்ப்யூட்டர்லயும் கழுதைப் படம் போட்டு, கீழ அக்லாயா அம்மா பேரை எழுதினது யாருடா?"

"அது கலைண்ணே."

இரண்டாவது கம்ப்யூட்டர் அவர் கட்டிலுக்கு அடியிலாம். மூன்றாவது மூன்றாம் நம்பரில். சந்தேகப்படுகிற இடத்தில் ஒன்று, தூக்கம் வருகிற இடத்தில் ஒன்று. அவர் சட்டைப்பையில் கைவிட்டு ஏழு தொலிகளை எடுத்துப் படிக்கட்டில் வரிசையாக வைத்தேன்.

"ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் வரிசையாத்தானே கம்பி போகுது? ஆறு கம்பி. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு முனையில ஆள் இருந்தாப் போதும். ரெண்டு, நாலு, ஆறு. முடிஞ்சுது."

அவர் நாலாவது தொலியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நாலு வேணாம்டா. மாடி ரூம் சாவி அக்லாயா அம்மாகிட்ட மட்டும்தான் இருக்கு."

"நாலை விட்டா மூணுலயும் அஞ்சுலயும் வைக்கணும், இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு. நாலு மெஷின் இருக்கா?"

இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னை ஒரே வகுப்பில் இரண்டு முறை உட்கார வைத்த கணக்கு வாத்தியார் அப்போது பார்த்திருக்க வேண்டும்.

அக்லாயா அம்மா கதவைப் பாதிதான் திறந்தார். உள்ளே ஊறுகாய் போடும் வாசனை.

"என்ன வாலெரியு, கத்திரிக்கோல் இரவல் கேக்க வந்தியா, கம்பியை நீயே வெட்டிக்க?"

"இல்லம்மா... மாடியில துணி காயப்போடுற ரூம்ல, கம்பியெல்லாம் சேருற நம்ம பெட்டி பக்கத்துல, ஒரு சின்ன மெஷின்... ஞாயித்துக்கிழமை வரைக்கும்..."

"இந்தக் கழுதை எதுக்கு கூட?"

"தூக்கறதுக்கும்மா," என்றேன்.

மெஷினை வைத்ததும் திருப்பித் தர வேண்டும் என்ற கட்டளையோடு சாவி கிடைத்தது. "என் கொடியில கை பட்டுது, தொலைச்சுப்புடுவேன்."

புதன் ஒன்றும் ஆகவில்லை. வியாழனும் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக அண்ணன் கோளாறு வரச்சொல்லி வேண்டிக்கொண்டார். வெள்ளி இரவு அவர் தூங்கவில்லை என்று அவர் பெண்டாட்டி சொன்னாள். சனிக்கிழமை ஆறு பத்துக்கு எல்லாம் செத்தது. இன்டர்நெட் செத்தால் காவல் கம்ப்யூட்டர் சேதி அனுப்ப முடியாது. நாங்கள்தான், நான்காம் நம்பருக்கு மறுபடி சாவி இரவல் வாங்கிக்கொண்டு, ஓட வேண்டும். இரண்டாம் நம்பர் மூன்றின் பக்கம் கைகாட்டியது. ஆறாம் நம்பர் ஐந்தின் பக்கம். நான்காம் நம்பரில் எந்தக் கம்பியிலிருந்தும் குப்பை வரவில்லை. அங்கிருந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த அறையில் படுக்கை விரிப்புகள் சொட்டிக்கொண்டிருந்தன. பின்புறம் வருவதாகச் சொல்லிக் கட்டப்படாமலே போன எட்டாம் கட்டடத்துக்கென்று அண்ணன் விட்டுவைத்த ஒரு கம்பி பெட்டியிலிருந்து வெளியே தொங்கும், சரியாகக் கொடிக்குக் குறுக்கே. துணியில் படாதிருக்க யாரோ அதன் நுனியை அதே பெட்டியின் காலி ஓட்டையில் பதவிசாகச் செருகியிருந்தார்கள். பெட்டி தான் பேசியதையே திரும்பக் கேட்டு, அதையே மறுபடி கத்திக்கொண்டிருந்தது. துணி எடுக்கும்போது கம்பியையும் உருவி விடுவார்கள் போல. சாவி இருப்பது ஒரே ஒருவரிடம்.

"நாளைக்கு எல்லார் முன்னாடியும் போட்டு உடைங்கண்ணே!"

அவர் கம்பியை உருவி, சுருட்டி, தோளில் மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நுழைவாசல் கூடத்தில் ஐம்பது பேர். அண்ணன் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தப்பு என்னுதுதான். நாலாம் நம்பர்ல ஒரு கம்பியைக் கட்டாம தொங்க விட்டுட்டேன். துணி போடுற எடத்துல. அது பெட்டியில மாட்டிக்கிட்டு... எடுத்துட்டேன். இனிமே வராது."

எனக்கு நாக்கு அரித்தது. கடித்துக்கொண்டேன். அக்லாயா அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. கழுத்து சிவந்திருந்தது.

"அம்மா, அறுக்கலாம்ங்கறவங்க கை தூக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்ன அவசரம்? அவன்தான் எடுத்துட்டேங்கறானே. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம். மறுபடி ஒரு தடவை செத்துச்சு, நானே அறுக்கறேன்."

எல்லோரும் போன பிறகும் அண்ணன் உட்கார்ந்தே இருந்தார். தோளைத் தட்டினேன். "பொழச்சிட்டீங்கண்ணே!"

"கிறிஸ்துமஸ் வரைக்கும்தானேடா," என்றார். "நவம்பர்ல டான்யூப் பக்கமிருந்து காத்து அடிக்குமே. ஆறாம் நம்பர் கம்பி தாங்குமா?"

ஏணியை எடுத்துக்கொண்டு வந்தேன்.