மிளகாய் போடாத சூப்

எழுபதுகளின் கடைசியில், ஏற்காட்டு அடிவாரத்தில் வெளிநாட்டுக் கம்பெனி கட்டிய ஓட்டலுக்கு ஐஸ்பெட்டி பழுதுபார்க்கப் போனபோது அந்தச் சமையல்காரரைப் பார்த்தேன். ஒல்லியான ஆள், தலையில் கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பி. தங்க வந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் மிளகாய் போடாத சூப்பைக் காய்ச்சி, தனியே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துலதான ஊடு? அங்க போயிச் சாப்புடலாமுங்களே?" என்றேன்.

"ஊட்டுச் சோறு காரமுங்க. வெள்ளக்காரங்க வருவாங்கன்னு மூணு வருசமா இதையே ஆக்கி ருசி பாத்தேன். அவங்க வருலீங்க. எனக்குத்தான் நாக்கு மாறிப்போச்சு. பொண்டாட்டி ஆக்கறதத் தொட முடியறதில்லீங்க."

என் தூக்குப்போசியிலிருந்த புளிச்சோற்றை அவர் பக்கம் நகர்த்தினேன். முதல் வாயிலேயே கண்ணும் மூக்கும் ஒழுகின.

"போதும், வெச்சிருங்க" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினார். போசி காலியாகும்வரை நிமிரவே இல்லை.