அரைமில்லி கடைந்த குழல்

மரப்பட்டறையில் அவளை அரைமில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக மாடிப்படி செய்பவள். ஒரு படி அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பிரித்துப் போட்டுவிடுவாள். சங்கீதம் தெரியாது. கணவர் பேண்டில் பேக்பைப் ஊதுகிறவர். அவளுக்கும் இசைக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

பேக்பைப்பின் பையில் செருகி, விரல் வைத்து வாசிக்கும் குழலை பேண்டில் மற்ற ஏழு பேரும் புதிதாக மாற்றியிருந்தார்கள். அவற்றின் சுருதி சற்று மேலே. கணவரின் பழைய குழல் மட்டும் கீழே நின்றது. அவருக்குப் புதியது வந்துசேர மூன்று மாதமாகும்.

"சனிக்கிழமை அணிவகுப்புக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா கூட்டத்துல நின்னு கைதட்டுங்க," என்றார் பேண்ட் மாஸ்டர்.

வீட்டில் கணவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"குழல் குட்டையானா சுருதி ஏறும். அவ்வளவுதானே?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் அடியில் ஒன்பது மில்லி அறுத்துவிட்டாள்.

ஊதிப் பார்த்தார். எல்லாத் துளைகளையும் மூடினால் வரும் அடிச்சுரம் மட்டும் ஏறியது. மற்றவை அசையவில்லை. ஊரோடு ஒத்துப்போகாத குழல் இப்போது தன்னோடும் ஒத்துப்போகவில்லை.

"தலைவலின்னா காலை வெட்டுவாங்களாடி?"

"கத்தாதீங்க. யோசிக்கிறேன்."

மறுநாள் பட்டறையில் கூட்டாளித் தச்சர் ஒரு வரைபடத்தோடு வந்தார். "அக்கா, மாடியோட உயரம் கொறைஞ்சுபோச்சாம். கடைசிப் படியில மட்டும் கழிச்சிடவா?"

"கழிங்க. ஏறுற முதல் ஆளு அங்கேயே விழட்டும். எல்லாப் படியிலயும் கொஞ்சம் கொஞ்சமா..." என்றவள் பாதியில் நின்றாள்.

ஒலிக்குக் குழலின் முழு நீளம் பொருட்டல்ல. குழலின் தலையில் செருகிய சீவாளியிலிருந்து முதல் திறந்த துளை வரைதான் அது அளக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு துளையும் ஒரு படி. அடியை மட்டும் அறுத்தது கடைசிப் படியைக் கழித்த வேலை. படிக்கட்டுக்காரி செய்யக்கூடாத ஒரே தவறு.

புதுக் குழல் கடைய ஒரு கருங்காலித் துண்டை எடுத்தாள். முப்பத்தாறு சென்டிமீட்டர் குழலில் ஒன்பது மில்லி போனதும் அடிச்சுரம் வேண்டிய அளவு ஏறியிருந்தது; அதே கணக்கில் எல்லாம் நாற்பதில் ஒரு பங்கு குறைய வேண்டும். சீவாளியிலிருந்து இருபது சென்டிமீட்டரில் இருந்த துளை ஐந்து மில்லி மேலேறியது. பன்னிரண்டில் இருந்தது மூன்றுதான். உள்ளே கூம்பாக விரியும் துவாரத்தையும் அதே கணக்கில் குடைந்தாள். இதை அறிவு என்று சொல்லத் தயங்குகிறேன். பிடிவாதம் என்று சொன்னால் குறைவாகிவிடும்.

சனிக்கிழமை காலை மைதானத்தில் பேண்ட் மாஸ்டர் காதைச் சாய்த்துக் கேட்டார். "எல்லாம் சரி. நடுவுல ஒரு சுரம் மட்டும் இறங்குதும்மா."

அவள் கைப்பையிலிருந்து உருண்டை அரத்தை எடுத்தாள். அந்தச் சுரத்துக்கான துளையின் விளிம்பைச் சீவாளிப் பக்கமாக நான்கு இழுப்பு இழுத்தாள்.

"எவ்வளவு எடுத்தே?" என்றார் கணவர்.

"பேருக்கேத்த மாதிரிதான்."

எட்டுக் குழல்களும் ஒன்றாகக் கிளம்பின. மைதானமே அதிர்ந்தது. பேண்ட் மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு வரிசை நெடுக நடந்து வந்தார். முடிவில் அவள் முன்னால் நின்றார்.

"எட்டுல உங்க வீட்டுக்காரர் குழல் எதுன்னே தெரியலையேம்மா!"

"தெரியக்கூடாதுன்னுதான் சார் செஞ்சேன்."