கங்காணி வராத புதன்கிழமைகள்

இலங்கையில் எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டயகமவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேதக்காரர்கள் நாலைந்து குடும்பம்தான். ஆராதனைக்குப் போக மலை இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அதனால் புதன்கிழமை சாயங்காலம் லயத்து வரிசை வீடுகளில் யாராவது ஒருவருடைய காம்பராவில் பாய் விரித்து ஜெபிப்போம். கல்யாணமாகி வந்த பிறகுதான் எனக்கு ஞானஸ்நானம். வாய் திறந்து ஜெபிக்கக் கற்றதும் அந்தப் பாயில்தான். கற்றுத் தந்தவர்களில் எங்களைக் கொழுந்து பறிக்க அழைத்துப்போகும் கங்காணியும் ஒருவர். மலையில் எங்களை ஏசுகிற அதே குரலில் ஆண்டவரைக் கூப்பிடுவார். ஆண்டவர் பயந்து ஓடாமல் இருந்தால் சரி என்று பெண்கள் நாங்கள் சிரிப்போம்.

ஒரு மழைக்காலத்தில் என் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. தவழுகிற வயது. காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் பெரட்டில் கங்காணியிடம் கெஞ்சினேன்.

"இன்னைக்கு மட்டும் வீட்டுல நின்னுக்கிறேங்க. பிள்ள நெருப்பா கொதிக்குதுங்க."

"கொழுந்து முத்திக் கெடக்கு. தொர யாருக்கும் லீவு இல்லன்னுட்டாரு. பிள்ளக்காம்பராவுல ஆயாகிட்ட விட்டுட்டு மலைக்குப் போ தாயி. நா ஜெபம் பண்ணிக்கிறேன்."

போனேன். மத்தியானம் பால் கொடுக்க ஓடி வந்தபோது பிள்ளை சில்லிட்டுக் கிடந்தது. பலகைப் பெட்டியைச் சுமந்துபோய்ப் புதைத்தவரும் கங்காணிதான். அழுதார். அந்த அழுகை எனக்கு அருவருப்பாக இருந்தது.

அடுத்த புதன் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து என்னைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். முடிவில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொன்னார்கள். பிறரை மன்னிப்பதாகச் சொல்லும் இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். ஆண்டவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. சின்னக் காம்பரா அது. ஒரு குரல் நின்றாலும் தெரியும். எதிரே இருந்த கங்காணி தலை குனிந்துகொண்டார். வாராவாரம் இப்படியே நடந்தது. பிறகு அவர் வருவதையே நிறுத்திவிட்டார்.

இனி நிம்மதி என்று நினைத்தேன். எங்கே? கோபப்பட எதிரே ஆள் இல்லாமல் போனதும் கோபம் கூரையைத் தாண்டி மேலே போனது. என் பிள்ளையை ஏன் விட்டுவிட்டாய் என்று ஆண்டவரையே ஏசினேன். என் முறை வந்தால் ஜெபிக்க ஒரு சொல்லும் வரவில்லை. நான் கூட்டத்தை விட்டே போய்விடுவேன் என்று எனக்கே பயம் வந்தது.

ஒருநாள் எங்கள் கூட்டத்தை நடத்தும் உபதேசியார் வீட்டுக்கு வந்தார்.

"கங்காணி கூட்டத்துக்கு வரலாமான்னு கேட்டு அனுப்பியிருக்காரு. நீ வேணாம்னா வேணாம் தாயி."

வேண்டாம் என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது.

"வரச் சொல்லுங்க," என்றேன். "அவரு இல்லாட்டி எங்கோவம் பூராவும் ஆண்டவரு மேல போகுது. எங்களுக்குன்னு நாடும் இல்ல, பிள்ளையும் போயிருச்சு. ஆண்டவரையும் விட்டுட்டா எனக்கு யாருங்க இருக்கா?"

உபதேசியார் கங்காணியிடம் சொல்ல எழுந்து போனார்.

அந்தப் புதன் கூட்டம் எங்கள் காம்பராவில். கங்காணி வந்து வாசலோரம் உட்கார்ந்தார். மன்னிக்கும் இடத்தில் அன்றும் என் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் எல்லோருக்கும் பால் விடாத சாயத்தண்ணி கொடுத்தேன். அவருக்கும் ஊற்றினேன். கையில் கொடுக்க மட்டும் என்னால் ஆகவில்லை. பக்கத்தில் தரையில் வைத்தேன். அன்று என்னால் முடிந்தது அவ்வளவுதான். அவர் அதை இரண்டு கையாலும் எடுத்துக் குடித்தார்.