முருங்கை காம்பவுண்டு

எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் ஒரு சண்டை உண்டு. குரல் உயராத சண்டை. "நாங்க கேக்கவே இல்ல. அவங்கதான் மொதல்ல கேட்டாங்க" என்று அம்மா யாரிடமாவது ஆரம்பிப்பார். நாலு இலை தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியம்மா, ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நாங்களா கேட்டோம்? அவங்க வாயாலதான் வந்துச்சு" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார். இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள். இரண்டு சத்தியமும் உண்மைதான். என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். அதில் ஒருத்தி நான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

திருமுல்லைவாயிலில் ரயில் சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. பெரியப்பாவும் அப்பாவும் பிரியாமல் இருந்த வீடு. ஒரே அடுப்பு, ஒரே குளியலறை, ஒரே மோட்டார். பெரியப்பா சிமெண்டுக் கடை வைத்திருந்தார். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை. பெரியப்பாவுக்கு ஒரே மகள், எனக்கு அக்கா. நானும் அக்காவும் நடு அறையில் ஒரே பாயில் படுப்போம். அந்த வீட்டில் என் சொத்து என்று சொன்னால் அந்தப் பாயில் பாதிதான். அக்காவின் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. மற்றபடி வீடு யாருடையது, மனை யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, தேவையுமில்லை.

அந்த வருஷம் பெரியவர்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்திருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் அம்மா அப்பாவிடம், "நம்ம வாயால வர வேணாங்க. அவங்க வாயால வரட்டும்" என்றார். மறுநாள் பெரியம்மா மாவு அரைத்துக்கொண்டே பெரியப்பாவிடம் அதையே எழுத்து மாறாமல் சொன்னார். எது வர வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து வாயால் வருவது வாந்திதான். யாரோ வாந்தி எடுப்பதற்காக வீட்டில் எல்லாரும் ஏன் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே குழப்பமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

இதற்கு நடுவில்தான் அக்கா கல்லூரியில் தாவரவியல் சேர்ந்தாள். வேலப்பன்சாவடிப் பக்கம் கல்லூரி. காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் சாயங்காலம் கசங்கி வருவாள். பள்ளி முழுக்கத் தமிழில் படித்தவளுக்குத் திடீரென்று எல்லாம் இங்கிலீஷ். அதுவும் இலையின் வடிவங்களுக்கு வைத்திருந்த பெயர்கள் இங்கிலீஷ்கூட இல்லை, லத்தீனாம். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் இலையைக் கொண்டுவந்து, பேப்பர் நடுவில் வைத்து அமுக்கிக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்றும் எழுத வேண்டும். சொல்லில் பாதி நுழையாமல் அக்கா அழுவாள். இலை பறித்து வருவது என் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் உருப்போடுவதைக் கேட்பதும் என் வேலை.

கேட்டுக் கேட்டு எனக்கே அந்தச் சொற்கள் பிடிபட்டுவிட்டன. என் வழியில்தான். பூவரச இலை கார்டேட். சீட்டுக்கட்டில் வரும் ஆட்டின் சின்னம் மாதிரி இருக்கிறதல்லவா, கார்டில் இருப்பதால் கார்டேட். பப்பாளி இலை பால்மேட். காம்பை ஒடித்தால் பால் வடிகிறதே, அதனால். வேப்பிலை பின்னேட். நடு நரம்பின் இரண்டு பக்கமும் இலை வைத்துப் பின்னல் போட்டது மாதிரிதானே இருக்கிறது. வல்லாரை ரெனிஃபார்ம். எல்லா இலையும் ஒரே அச்சாக இருப்பதால் யூனிஃபார்முக்குத் தம்பி.

அக்கா முதலில் என் தலையில் குட்டினாள். கார்டேட் என்றால் இதயம், பால்மேட் என்றால் உள்ளங்கை, பின்னேட் என்றால் இறகு, ரெனிஃபார்ம் என்றால் சிறுநீரகம் என்று புத்தகத்தைக் காட்டினாள். அப்புறம் பார்த்தால் வகுப்புத் தேர்வில் அவளுக்கு ஞாபகம் வந்தது இதயமும் இறகும் இல்லை. என் சீட்டுக்கட்டும் பின்னலும்தான். பப்பாளிக்கு முழு மதிப்பெண் வாங்கி வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். அதற்கப்புறம் லத்தீன் எனக்குத் தாய்மொழி மாதிரி ஆகிவிட்டது.

முருங்கைதான் எங்களைப் படுத்தியது. பின்பக்கத்து வெற்றிடத்தின் நடுவில் ஒரு முருங்கை மரம். அதற்கு நேராகக் கோடியில் வேம்பு. ஓரத்தில் மோட்டார், மோட்டாரை ஒட்டிப் பப்பாளி. அக்கா முருங்கையில் ஒரு கொத்தைப் பேப்பரில் வைத்துப் பாய்க்கடியில் அமுக்கினாள். காலையில் பிரித்தால் குச்சி தனி, இலை தனி. அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "முருங்கைய துணில சுத்தி வெச்சா தானா கொட்டிக்கும்னு எனக்கே தெரியும். இதுக்கு காலேஜ் வேற." அக்கா இன்னொரு கொத்தை வைத்தாள். அதுவும் கொட்டியது. நான் கோந்து வைத்து ஒவ்வொன்றாக ஒட்டலாம் என்றேன். மேடம் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், முருங்கையில் எது இலை என்பதே அக்காவுக்குக் குழம்பிப்போனது. நாம் உருவுகிற சின்னஞ்சிறு பச்சைதான் இலையா, இல்லை அந்தக் கொத்து முழுவதுமா? புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள். காம்பு தண்டிலிருந்து பிரிகிற இடத்தில் மொட்டு இருந்தால் அங்கேதான் இலை ஆரம்பிக்கிறதாம். என்னை ஸ்டூலில் ஏற்றிக் கிளையை வளைக்கச் சொன்னாள். சின்ன இலைகளின் அடியில் மொட்டு இல்லை. கொத்தின் காம்பு தண்டில் சேரும் அந்த மூலையில் கடுகு போல ஒரு மொட்டு இருந்தது.

"கீதுடி! மொட்டு கீது! அப்போ இவ்ளோ பெருசும் ஒரே இலைதான். முருங்கை காம்பவுண்டு!" என்று அக்கா கத்தினாள். வேம்பும் அப்படித்தானாம், பல சிற்றிலை சேர்ந்து ஒரே இலை, அதனால் காம்பவுண்டு. பப்பாளி அகலமாக இருந்தாலும் ஒற்றை இலை, அது சிம்பிள்.

எனக்குத் தலை சுற்றியது. எங்கள் தெருவில் காம்பவுண்டு என்றால் சுவர். ஸ்கூல் காம்பவுண்டு, கோயில் காம்பவுண்டு, பந்து விழுந்தால் ஏறிக் குதிக்கிற காம்பவுண்டு. இலை எப்படிக் காம்பவுண்டாக இருக்க முடியும்? காம்பு இருப்பதால் காம்பவுண்டு என்று ஒருவழியாகச் சமாதானம் செய்துகொண்டேன். அக்கா பரவசமாக எழுதப் போய்விட்டாள்.

அப்போது அப்பா ஷிப்டு முடிந்து வந்தார். ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அங்க இன்னா சத்தம்? ரெண்டு பேரும் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்று கேட்டார்.

"முருங்கை காம்பவுண்டுப்பா" என்றேன் பெருமையாக.

அப்பாவின் கை ஷூ லேஸிலேயே நின்றது. "யாரு சொன்னது?"

"அக்காதான். எங்க பிரியுதுன்னு நல்லா பாத்துட்டுதான் சொல்லிச்சு. வேம்பும் காம்பவுண்டு."

"வேம்புல இருந்து முருங்கை." அப்பா எழுந்து பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தார். இரண்டும் நேர்க்கோட்டில் நின்றன. "அப்போ பப்பாளி?"

"பப்பாளி காம்பவுண்டுல வராதுப்பா. அது தனி."

"மோட்டாரு?"

மோட்டாருக்கு இலை ஏது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்காததால் நானும் சிரிக்கவில்லை. "அதெல்லாம் சொல்லலப்பா. இப்போதான் உள்ள போய் எழுதிகினு கீது."

"எழுதற வரைக்கும் போயிடுச்சா" என்றார் அப்பா. குரல் ஒரு மாதிரி இருந்தது. உள்ளே போய் அம்மாவிடம் ஏதோ சொன்னார். அம்மா, "அவங்க வாயாலயே வந்துடுச்சா?" என்றார். வந்துவிட்டதே என்று அழுகிற முகமா, அப்பாடா என்கிற முகமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பா போய் நின்றார்.

"ண்ணா, புள்ளைங்க மூலமா பேசற நெலைமை நமக்குள்ள வேணாம். வேம்புல இருந்து முருங்கை வரைக்கும் காம்பவுண்டு போட்டுக்கலாம். எனக்கு ஒண்ணும் மனக்கொற இல்ல."

பெரியப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை அன்றுதான் பார்த்தேன். "நீயே கேட்டுட்ட. அப்பறம் நான் இன்னா சொல்றது? பப்பாளி பக்கம் நீ எடுத்துக்க. மோட்டாரையும் வெச்சுக்க. நான் வேற போர் போட்டுக்கறேன்."

இப்படியாக, யாருமே கேட்காத ஒன்றை இரண்டு பேரும் மற்றவருக்காக விட்டுக்கொடுத்தார்கள். அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே மரியாதை. அதுவரை சாம்பாரில் உப்பு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்கள், "நல்லாத்தான் இருக்குது, இருக்கட்டும்" என்றார்கள். இவ்வளவு நல்லவர்களாக ஆகிவிட்டவர்கள் எதற்காகச் சுவர் கட்டுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. நடு அறைக் கதவை அடைத்துவிடுவார்கள் என்றும், நான் அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்தது. பாய் யாருக்கு என்று கேட்டேன். ஆளுக்கொன்று புதுசாக வாங்கலாம் என்றார் அம்மா.

வளர்ந்தபிறகு அகராதியில் தேடிப் பார்த்திருக்கிறேன். இலைக்குச் சொல்லும் காம்பவுண்டு, சேர்த்து வைப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். சுவருக்குச் சொல்லும் காம்பவுண்டு கப்பலேறி வந்த வேறு சொல். மலாய்க்காரர்களின் கம்போங் என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். கம்போங் என்றால் சேர்ந்து வாழ்கிற குடியிருப்பு. ஆக இரண்டிலுமே பிரிவு என்ற பேச்சே இல்லை. அதைச் சேர்த்துக்கொண்டது நாங்கள்தான்.

அடுத்த ஞாயிறு மேஸ்திரி வந்து கயிறு பிடித்தார். அஸ்திவாரத்துக்கு மரம் குறுக்கே நிற்கிறது என்று முருங்கையை வெட்டினார்கள். முற்றம் முழுக்கப் பச்சை. அக்கா விழுந்து கிடந்த கிளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கடைசியாக ஒரு கொத்தாவது கொட்டாமல் காயாதா என்று தேடிக்கொண்டிருந்தாள். உங்க சித்தப்பாதான் சுவர் கேட்டார் என்று பெரியம்மா அவளிடம் சொல்லியிருந்தார். அதனால் என்னிடமும் சரியாகப் பேசவில்லை. நான்தான் மெல்லப் பக்கத்தில் போனேன்.

"அக்கா, முருங்கை காம்பவுண்டு இலைங்கறதாலதான் அங்க காம்பவுண்டு வருதா?"

"இன்னாடி ஒளர்ற?"

"நீ சொன்னல்ல, முருங்கை காம்பவுண்டு, வேம்பு காம்பவுண்டுன்னு. அப்பா கேட்டாரு. அப்படியே சொன்னேன்."

அக்கா என்னை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ஷூ லேஸ், பப்பாளி, மோட்டார் எல்லாம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சடாரென்று எழுந்தாள். "ஐயோ, இரு. சித்தப்பா கிட்ட சொல்லிட்டு வரேன்" என்று பின்வாசலுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். என் பாய் தப்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

வாசற்படியில் அக்கா நின்றுவிட்டாள். உள்ளே பெரியம்மா மேஸ்திரியிடம் தன் புது அடுப்பங்கரை எங்கே வரவேண்டும் என்று கை காட்டிக்கொண்டிருந்தார். "சின்னதா போதும்பா. மூணு பேருக்குத்தான. ஒரு ஜன்னலு மட்டும் வெச்சுக் குடு. கல்யாணமாகி வந்ததுல இருந்து ஜன்னலு இல்லாத அடுப்பாண்டதான் நின்னுகினு கீறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரியம்மாவுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு திரும்பி வந்து முருங்கைக் கிளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இலையை உருவ ஆரம்பித்தாள்.

"சொல்லலியாக்கா?"

"எனக்குப் பரீச்ச முடியட்டும்டி. அப்பறமா சொல்லிக்கலாம். நீயும் யாராண்டயும் சொல்லாத."

"சொன்னா காம்பவுண்டு எடுத்துருவாங்களா?"

"பரீச்ச முடியட்டும்" என்றாள் மறுபடியும்.

அன்று இரண்டு வீட்டிலும் முருங்கைக்கீரைதான். சுவர் எழுந்தது. நடு அறைக் கதவை அடைத்துப் பூசினார்கள். புதுப் பாயில் பிளாஸ்டிக் வாசனை அடித்தது. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை, அக்காவின் பேச்சைக் காப்பாற்றினேன். தினமும் பள்ளி விட்டு வந்ததும் பப்பாளியை ஒட்டி ஸ்டூல் போட்டு ஏறி, காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பேன்.

"அக்கா, பரீச்ச முடிஞ்சிருச்சா?"

அந்தப் பக்கம் ஜன்னலோரம் பெரியம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே தாளிப்பார். அக்கா என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொல்வாள்.

"இல்லடி. இன்னும் ஒரு பேப்பர் கீது."

இலைகளைப் பற்றி இத்தனை இருக்கிறதா என்று நான் வியந்துகொண்டே ஸ்டூலை விட்டு இறங்குவேன்.