இரண்டு தட்டு

முற்றுப்புள்ளி வைத்தால் ஸ்பேஸ் பாரை இரண்டு முறை தட்ட வேண்டும். மைசூரில் நான் டைப்ரைட்டிங் கற்ற இன்ஸ்டிடியூட்டில் அதுதான் சட்டம். பக்கத்து மெஷினில் உட்கார்ந்து அதே சட்டத்தைப் படித்தவள்தான் பிறகு எனக்கு மனைவியானாள். ஆனால் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி ஆபீசில் கம்ப்யூட்டர் வந்ததும் கட்சி மாறிவிட்டாள். ஒரு தட்டு போதுமாம்.

“முற்றுப்புள்ளின்னா சிக்னல் மாதிரி. வண்டி முழுசா நின்னு கிளம்ப வேண்டாமா?” என்பேன்.

“வாக்கியம் என்ன மூட்டை தூக்கிட்டா வந்திருக்கு, நின்னு இளைப்பாற? ஒண்ணு போதும் ரீ,” என்பாள். கன்னடக்காரத் தோழிகளோடு பழகி, புருஷனை ‘ரீ’ போட்டு அழைப்பது அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

நான் அடித்து வைத்த கடிதங்களைத் திறந்து, இரண்டாவது இடைவெளியை ஒவ்வொன்றாக அழிப்பாள். நான் மறுபடி போடுவேன். காஸ் கனெக்‌ஷன் விண்ணப்பம் ஒன்று இப்படியே பதினோரு நாள் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை.

இந்த லட்சணத்தில்தான் நான் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன்.

அவள் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் தமிழ்ப் பாடகர் குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிறாள். குரல் மேலே ஏறும். இறங்கும் வழிதான் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் ஸ்கூட்டரில் திரும்பும்போது, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்பாள். “அருமை,” என்பேன். அப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் பண்டிகைப் பூசையில் அவள் தனியாகப் பாடப்போகிறாள் என்று முடிவானது. ஒத்திகையில் பின்வரிசை இளசுகள் வாயைப் பொத்திச் சிரித்ததை நான் பார்த்தேன். அவளை யாரும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அவளிடம் சொல்லவும் தைரியமில்லை. எனவே பங்குத்தந்தைக்கு நான்கே வாக்கியத்தில் ஒரு புகார் அடித்தேன். எங்கள் பங்கில் மரியாதையான புகார்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். ‘தனிப்பாடலை வேறு யாருக்காவது கொடுக்கவும். இப்படிக்கு, ஒரு விசுவாசி.’

பங்குத்தந்தை அதைப் பாடகர் குழு மாஸ்டரிடம் கொடுத்தார். மாஸ்டர் கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கடிதத்தைத் தூக்கிப் பிடித்தார்.

“பேர் இல்லைன்னா ஆள் தெரியாதுன்னு நினைப்பு! ஃபுல்ஸ்டாப்புக்கு அப்புறம் ரெண்டு ஸ்பேஸ் இருக்கு. இது பழைய டைப்ரைட்டிங் கை. நம்ம பங்குல டைப்பிங் பாஸ் பண்ணவங்க ஆறே பேர். அடுத்த வாரம் ஆறு பேரும் ஆபீசுக்கு வந்து என் முன்னாடி ஒரு பத்தி அடிக்கணும்.”

நான் தேள் கொட்டிய திருடனாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க ஒற்றைத் தட்டுப் பயிற்சிதான். பாழாய்ப்போன கட்டை விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் அதற்கு ஒரு பிளாஸ்திரியை இறுக்கிச் சுற்றினேன். வலித்தால் இரண்டாவது தடவை தட்டாது என்று கணக்கு.

“ஏன்ரீ, விரல்ல என்ன?”

“கதவு இடிச்சிடுச்சு.”

அவள் திரையைக் குனிந்து பார்த்தாள். பக்கம் முழுக்க ஒற்றை இடைவெளி. காபி போடப் போனாள். தப்பித்தேன் என்று நினைத்தேன், மடையன்.

சோதனை நாளில் நானும் அவளும் உட்பட ஆறு பேரும் பங்கு ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்றோம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். ஒருவர் விரலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். என் மனைவியைத்தான் முதலில் உட்கார வைத்தார்கள். மாஸ்டர் அவள் பின்னால் நின்று கட்டை விரலையே பார்த்தார்.

அவள் அடித்தாள். முற்றுப்புள்ளி. தட், தட். மறுபடி முற்றுப்புள்ளி. தட், தட்.

மாஸ்டர் திரையை நோக்கிக் குனிந்தார். “நீங்களாம்மா? உங்களைப் பத்தி நீங்களேவா?”

“ஏன், என் குறையை நானே சொல்லக் கூடாதா?” என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பிளாஸ்திரி விரலைப் பாக்கெட்டுக்குள் ஒளித்தேன்.

பண்டிகைப் பிரசங்கத்தில் பங்குத்தந்தை இருபது நிமிடம் தாழ்ச்சியைப் பற்றிப் பேசினார். தன் குறையைத் தானே எழுதிக் கொடுத்த சகோதரிக்கு ஒரு தனிப்பாடல் போதாது என்று மூன்றாக்கினார்கள். மூன்றையும் பாடினாள். குரல் சாமுண்டி மலைக்கு ஏறி அங்கேயே தங்கிவிட்டது. ஒத்திகையில் சிரித்த அதே இளசுகள் இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் அவள் எதுவும் கேட்கவில்லை. சிக்னலில் நிற்கும்போது நானே சொன்னேன்.

“அருமையா இருந்துச்சு.”

“சுருதி?”

“அது... கொஞ்சம் விலகிடுச்சு.”

“எனக்குத் தெரியாதாரீ? முப்பது வருஷமாத் தெரியும். அருமைன்னு நீங்க பொய் சொல்றதைக் கேக்கத்தான் வாராவாரம் கேட்டேன். அதையும் கெடுத்துட்டீங்க.”

பச்சை விழுந்தது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். எனக்கு வண்டியை எடுக்க வரவில்லை.